கண்ணாடியில் கைவண்ணம்: வாசகர் கேள்வி – பதில்

வெறும் கண்ணாடி டம்ளர், ஜாடி, பாட்டில், தட்டு இவற்றை வீட்டிலேயே அலங்கரிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பலருக்கும் உள்ள குறை ஒன்றுதான்: பெயின்ட் நிற்கவில்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

அக்ரிலிக் பெயின்டில் டம்ளர் மேல் பூ வரைந்தேன். காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது. இரண்டு முறை கழுவியதும் தோல் உரிவதுபோல் இதழ் இதழாக வந்துவிட்டது. பெயின்ட் மட்டமானதா?

பெயின்ட் மட்டமில்லை, அது கண்ணாடிக்கானது இல்லை. காகிதத்திலும் மரத்திலும் நுண்துளைகள் உண்டு. பெயின்ட் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் இறங்க இடமே கிடையாது. சாதாரண அக்ரிலிக் அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலமாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓரத்தில் எங்காவது தண்ணீர் நுழைந்துவிட்டால் மொத்தப் படலமும் கழன்று வரும்.

கழுவிப் புழங்கும் பொருளுக்கு, லேபிளில் 'கண்ணாடிக்கும் பீங்கானுக்கும்' என்று போட்டிருக்கும் எனாமல் வகை அக்ரிலிக்கை வாங்குங்கள். அலமாரியில் அழகுக்கு வைக்கும் ஜாடி என்றால் சாதாரண அக்ரிலிக்கே போதும்; ஆனால் அதை ஈரத்துணியால்கூட அழுத்தித் துடைக்கக் கூடாது.

சரியான பெயின்டும் அழுக்குக் கண்ணாடியில் நிற்காது. அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு அல்ல, விரல் எண்ணெய். முதலில் வெந்நீரிலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பிலும் கழுவுங்கள். பிறகு குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து இறங்கினால் கண்ணாடி சுத்தம். ஓரிடத்தில் முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. இன்னொரு முறை சோப்பு போடுங்கள். துடைத்து உலர்ந்த பிறகு, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நனைத்து வரையப்போகும் பகுதி முழுவதையும் ஒருமுறை துடையுங்கள். அதன் பின் அந்த இடத்தில் விரல் படவே கூடாது. இடது கையின் இரண்டு விரல்களை டம்ளருக்குள் விட்டு விரித்துப் பிடித்துக்கொண்டால் வெளிப்புறத்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வரையலாம்.

கடைசியாக ஒன்று. காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஒரு மணி நேரம் போதும். கழுவினாலும் தாங்கும் அளவுக்கு இறுக, இந்த வகைப் பெயின்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 21 நாள் வேண்டும், அல்லது ஓவன் சூடு வேண்டும். மூன்றாம் நாளே கழுவிவிட்டுப் பெயின்டைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

ஓவனில் வைத்தேன், டம்ளரில் விரிசல் விட்டுவிட்டது. இன்னொரு முறை வைக்கவே பயமாக இருக்கிறது.

ஏற்கெனவே சூடான ஓவனுக்குள் வைத்திருப்பீர்கள், அல்லது சூடாக வெளியே எடுத்திருப்பீர்கள். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்பக்கம் சூடேறி விரிகிறபோது உட்பக்கமும் தடித்த அடிப்பாகமும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது.

வரைந்த டம்ளரைக் குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள்; உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் பெயின்ட் கொப்புளம் போடும். டம்ளரைக் குளிர்ந்த ஓவனுக்குள், ஒன்றோடொன்று இடிக்காமல் தட்டில் வையுங்கள். பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். சூடும் நேரமும் லேபிளில் இருக்கும். பெபியோ விட்ரியா 160 என்ற பெயின்டின் பெயரிலேயே அது இருக்கிறது: 160 டிகிரி செல்சியஸ், 40 நிமிடம். வேறு பல எனாமல் அக்ரிலிக்குகளுக்கு 175 டிகிரியில் 30 நிமிடம். ஓவன் அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் நிமிடக் கணக்கு ஆரம்பம். நேரம் முடிந்ததும் அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, தொட்டுப் பார்த்தால் சூடே தெரியாதபோது எடுங்கள்.

வெள்ளை நிறம் பழுப்பேறி வந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். பல வீட்டு ஓவன்கள் முகப்பில் காட்டுவதைவிடப் பத்து இருபது டிகிரி கூடவோ குறைவாகவோ ஓடும். ஓரத்தில் சிறு உடைசலோ ஆழமான கீறலோ உள்ள கண்ணாடியை ஓவனில் வைக்காதீர்கள், அது அந்த இடத்திலிருந்தே பிளக்கும். மைக்ரோவேவ் இதற்கு உதவாது. 'சால்வென்ட்' (கரைப்பான்) அடிப்படையிலான கிளாஸ் கலரை, அதாவது ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பெயின்டை, ஓவன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அதன் ஆவி தீப்பற்றக்கூடியது.

லேபிளில் 'நச்சற்றது' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் டம்ளர் முழுக்க வரையலாமா? தட்டில் வரையலாமா?

'நச்சற்றது' என்பது பெயின்டைக் கையாளுபவருக்குச் சொன்னது. உணவும் உதடும் படலாம் என்பது வேறு தகுதி. அது தனியாக, தெளிவாக எழுதியிருந்தால்தான் உண்டு. ஆகவே டம்ளரில் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை வெறுமனே விடுங்கள். அங்கே மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் மறந்தும் தூரிகை ஏறாது. உட்புறத்தில் எதுவும் வேண்டாம்.

தட்டு என்றால் அடிப்புறத்தில் வரையுங்கள், மேலிருந்து பார்க்கும்போது கண்ணாடி வழியாகத் தெரியும். இதில் வரிசை தலைகீழ். காகிதத்தில் பின்னணியை முதலில் போட்டு நுணுக்கங்களைக் கடைசியில் வைப்போம். இங்கே முதலில் வைப்பதுதான் மேலே தெரியும். ஒரு வண்ணத்துப்பூச்சி என்றால் முதலில் இறக்கையின் கறுப்புக் கோடும் புள்ளிகளும், அவை காய்ந்த பிறகு ஆரஞ்சு நிறம், அதுவும் காய்ந்த பிறகு பின்னணி. இடையிடையே தட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து எழுதினால் கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். நேராக எழுதிய மெல்லிய காகிதத்தை, எழுத்துப் பக்கம் மேலே பார்த்திருக்கும்படி தட்டின் மேற்புறத்தில் ஒட்டிவிட்டு, அடிப்புறத்திலிருந்து காகிதம் வழியாகத் தலைகீழாகத் தெரியும் எழுத்தின் மேல் இழுத்தால் எழுத்து தானாகச் சரியாக விழும்.

வரைந்த பொருளைக் கையால் கழுவுவதே நல்லது. ஊறப்போட வேண்டாம், கம்பிநாரும் வேண்டாம்.

பெரிய பரப்பில் பெயின்ட் அடித்தால் தூரிகைக் கோடு கோடாகத் தெரிகிறது. இரண்டாம் பூச்சு போட்டால் முதல் பூச்சு சேர்ந்து கிளம்பிவிடுகிறது.

தூரிகையை விட்டுவிட்டு ஸ்பாஞ்சை எடுங்கள். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் ஒரு கட்டை விரல் அளவு துண்டு போதும். பெயின்டில் தொட்டு, முதலில் ஒரு காகிதத்தில் நான்கைந்து முறை ஒற்றி மிகுதியை எடுத்துவிட்டு, பிறகு கண்ணாடியில் ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுக்கக் கூடாது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத்தான் இருக்கும், அது சரிதான். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, தேவையானால் மூன்றாவது. முதல் பூச்சு அரைகுறை ஈரத்தில் இருக்கும்போது மேலே தூரிகையை இழுப்பதால்தான் அது கிளம்புகிறது. தண்ணீர் கலந்து நீர்க்கவிடுவதும் தப்பு, பிடிமானம் போய்விடும்.

வளைந்த டம்ளரில் கோணாமல் வரைவது எப்படி? எட்டுப் பூக்கள் வைத்தால் எட்டாவது பூவுக்கு இடமே இருப்பதில்லை.

கண்ணளவில் வைத்தால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையை டம்ளரின் வாயைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, இரு முனையும் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். அதைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடியும் பாதியாக மடித்தால் எட்டுச் சம பங்கு. ஆறு பூ வேண்டுமானால் பாதியாக மடித்து, அதை மூன்றாக மடியுங்கள். பட்டையை விரித்துப் பழையபடி சுற்றி டேப்பால் பிடித்துவிட்டு, மடிப்புக் கோடு விழுந்த இடங்களில், பெயின்ட் வராத விளிம்புப் பகுதியில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். டம்ளர் கீழே குறுகியதாக இருந்தால் அடியில் இன்னொரு பட்டையை இதேபோல் மடித்துச் சுற்றுங்கள். மேல் புள்ளிக்கு நேராகக் கீழ்ப் புள்ளி வரும்.

சுற்றிலும் ஒரே உயரத்தில் கோடு வேண்டுமா? புத்தகங்களை வேண்டிய உயரத்துக்கு அடுக்கி, மேல் புத்தகத்தின் மீது பேனாவைப் படுக்கவைத்து, முனை வெளியே நீட்டியிருக்கும்படி ஒரு கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். மேஜையில் நிற்கும் டம்ளரை முனையோடு ஒட்டவைத்து, பேனாவை அசைக்காமல் டம்ளரை மட்டும் சுழற்றுங்கள். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

படத்தை நகலெடுக்க, காகிதத்தை டம்ளருக்குள் வைத்து வெளியே அதன்மேல் வரைவதுதான் எளிய வழி. காகிதம் உட்சுவரோடு ஒட்டி நிற்க மறுத்தால் மேலும் கீழும் விரற்கடை இடைவெளியில் சின்ன வெட்டுகள் கொடுத்து, உள்ளே ஒரு துணியைத் திணித்துவிடுங்கள். கண்ணாடி தடிமனாக இருந்தால் கோடு இரண்டாகத் தெரியும். ஒற்றைக் கண்ணை மூடி நேரெதிரே இருந்து பாருங்கள்.

அவுட்லைனர் (டியூபிலிருந்து பிதுக்கிக் கோடு போடும் கெட்டிப் பெயின்ட்) போட்டு உள்ளே கிளாஸ் கலர் நிரப்புகிறேன். ஒன்று கலர் கசிந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறது, அல்லது குமிழ் குமிழாக நிற்கிறது.

கசிவுக்குக் காரணம் கோட்டில் உள்ள இடைவெளி. தலைமுடி அளவு இடைவெளி போதும், கலர் அதைத் தேடிக்கொண்டு போய்விடும். இரண்டு கோடுகள் சேரும் மூலைகளில்தான் இது அதிகம். கோடு போட்டு முடித்ததும் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் ஒரு பொட்டு அவுட்லைனர் வையுங்கள்.

கோடு ஒரே சீராக வர, டியூபை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, முனையைக் கண்ணாடியில் உரசாமல், வெளிவரும் இழையைக் கண்ணாடியின் மேல் படுக்கவைப்பதுபோல் நகர்த்துங்கள். அழுத்தம் மாறினால் தடிமன் மாறும். நிறுத்துவதற்குச் சற்று முன்னாலேயே அழுத்துவதை விடுங்கள், இல்லையென்றால் முடிவில் ஒரு மொட்டு விழும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் முனையை டிஷ்யூவில் துடைத்து, ஒரு காகிதத்தில் ஒரு அங்குலம் இழுத்துப் பாருங்கள். டியூபுக்குள் மாட்டிய காற்று அங்கேயே வெடித்துவிடும். கோடு குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் காய வேண்டும். தடித்த கோட்டுக்கு ஓர் இரவு.

குமிழுக்குக் காரணம் பாட்டிலைக் குலுக்குவது. குலுக்காமல் ஒரு குச்சியால் மெதுவாகக் கிளறிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். நிரப்பும்போது தூரிகையால் பூசாதீர்கள். ஒரு சொட்டைத் தூரிகை நுனியில் தாங்கிக் கட்டத்தின் நடுவில் இறக்கி, அதை ஓரத்துக்குத் தள்ளி, கோட்டைத் தொடவிடுங்கள். கோட்டுக்கும் கலருக்கும் நடுவே வெற்று இடம் தெரிந்தால் அந்த ஓரத்தில் வெளிச்சம் ஊசிபோல் குத்தும். மிஞ்சிய குமிழை ஈரம் இருக்கும்போதே குண்டூசியால் குத்திவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் குத்தினால் பள்ளம் விழும்.

ஜாடி போன்ற உருண்டைப் பொருளில், மேலே பார்த்திருக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் ஒரு தடவைக்கு நிரப்புங்கள். மடித்த துண்டில் ஒரு குழி செய்து ஜாடியை அதில் படுக்கவைத்தால் உருளாது. அந்தப் பகுதி ஓடாத நிலைக்கு வந்த பிறகே திருப்ப வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஒரு ஜாடிக்கு இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் அவசரம் வராது.

பூப்போட்ட டிஷ்யூ நாப்கினைப் பாட்டிலில் ஒட்டினால் சுருக்கம் விழுகிறது. ஒருநாள் தண்ணீர் பட்டதும் எல்லாம் வெளுத்துவிட்டது.

நாப்கின் இரண்டு அல்லது மூன்று அடுக்கு. அச்சுள்ள மேலடுக்கை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அடியில் வெள்ளை அடுக்கு இருந்தால் நடுவில் காற்று மாட்டி, சுருக்கம் தவிர்க்கவே முடியாது. பூவைக் கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் அதைச் சுற்றிக் கோடிட்டுக் கிழித்தால் ஓரம் கண்ணாடியில் கரைந்ததுபோல் இருக்கும்.

வெள்ளைப் பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பசையைக் கண்ணாடியில் தடவுங்கள், காகிதத்தில் அல்ல. டிஷ்யூ நனைந்தால் நீளும், நீண்டது சுருங்கும்போதுதான் மடிப்பு. பசை சற்று இழுபடும் பதத்துக்கு வந்ததும் டிஷ்யூவை நடுவில் தொட்டு வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளுங்கள். காய்ந்த பின் மேலே அதே பசையை இரண்டு பூச்சு.

வெளுத்ததற்குக் காரணம் பசையேதான். வெள்ளைப் பசை காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகிப் பால்நிறமாகும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே தண்ணீர் புகாத வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். அப்படியும் இது பூச்சாடிக்கும் அலங்காரப் பாட்டிலுக்குமான வேலை. தினமும் கழுவும் டம்ளருக்கு வேண்டாம்.

கண்ணாடியில் வெண்பனித் தோற்றம் தரும் எட்சிங் கிரீம் வாங்கலாமா? பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஆசை.

பிள்ளைகளோடு வேண்டாம். இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். இந்த கிரீமில் இருப்பவை ஃபுளோரைடு உப்புகள். அவை கண்ணாடியில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து மேற்பரப்பையே அரிக்கின்றன. அதனால்தான் அந்த வெண்பனித் தோற்றம் எத்தனை கழுவினாலும் போவதில்லை. அதே கிரீம் தோலிலும் காயம் செய்யும், வலி சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, வலிக்காகக் காத்திராமல் லேபிளோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர்கள் செய்வதானால்: நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல். ஒட்டும் வினைல் ஸ்டென்சிலின் (வடிவம் வெட்டிய பிளாஸ்டிக் தாளின்) ஓரங்களை நகத்தின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். கிரீமை மெல்லியதாகத் தடவினால் திட்டுத்திட்டாக வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வைத்து, லேபிள் சொல்லும் நேரம் மட்டும் விடுங்கள். பீங்கான் தொட்டியில் கழுவாதீர்கள், அதன் பளபளப்பும் மங்கும். பிளாஸ்டிக் வாளியில் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது வேலைப்பாடு கண்ணுக்கே தெரியாது. தப்பிவிட்டது என்று மறுபடி தடவ வேண்டாம், துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளோடு இதே தோற்றம் வேண்டுமா? வினைலை ஒட்டி, எனாமல் வெள்ளையை ஸ்பாஞ்சால் மிக மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு ஒற்றி, அரை ஈரத்தில் வினைலை உரித்துவிடுங்கள். முழுதும் காய்ந்த பின் உரித்தால் ஓரம் பிய்யும்.

ஜாடியைச் சுற்றிச் சணல் கயிறு ஒட்ட எத்தனை மீட்டர் வேண்டும்? குளூ கன் பசை கழன்று வருகிறதே?

சுற்றளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஜாடியின் சுற்றளவு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 4 மில்லிமீட்டர் கயிறு சுற்றினால் 25 சுற்று. ஆக ஆறே கால் மீட்டர். கயிற்றின் தடிமனால் சுற்றளவு சற்றுக் கூடும் என்பதால் 7 மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடான பசை குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் பற்றுவதற்கு முன்பே உறைந்துவிடுகிறது, அதனால்தான் பொட்டுப் பொட்டாக உதிர்கிறது. ஜாடியை வெதுவெதுப்பான நீரில் வைத்தெடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்சம் நிற்கும். அதைவிட, முதல் இரண்டு சுற்றையும் கடைசி இரண்டு சுற்றையும் எபாக்சி அல்லது சிலிக்கான் பசையில் ஒட்டுங்கள். நடுவே வெள்ளைப் பசையே போதும், கயிறு தன் இறுக்கத்திலேயே நிற்கும்.

அலங்கரித்த டம்ளரில் மெழுகுவத்தி ஏற்றலாமா?

வெளிப்புறம் மட்டும் பெயின்ட் செய்து, முழுதும் இறுகிய, வாய் அகன்ற டம்ளர் என்றால் நடுவில் சிறு மெழுகுவத்தி வைக்கலாம். காகிதம், கயிறு, உலர்ந்த இலை ஒட்டியிருந்தால் பேட்டரி விளக்கு மட்டும்.

தப்பாக வந்ததை எப்படி எடுப்பது? கடை ஸ்டிக்கரின் பிசுக்கும் போக மாட்டேன் என்கிறது.

இறுகாத அக்ரிலிக் வெந்நீர் சோப்பில் அரை மணி ஊறினால் நகத்தாலேயே வந்துவிடும். சிறு பிழையை, ஈரம் காயும் முன் ஸ்பிரிட் தொட்ட காதுக் குச்சியால் எடுக்கலாம். சூடுபண்ணி இறுக்கியதற்கு அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் மேலே வைத்துவிட்டு, பிளேடைக் கண்ணாடியோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் கீறும்.

ஸ்டிக்கர் பிசுக்குக்குச் சமையல் எண்ணெயும் சோடா உப்பும் சம அளவு குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்தெடுங்கள். பிறகு சோப்பு, அதன் பின் ஸ்பிரிட். அந்த எண்ணெயில் ஒரு துளி மிஞ்சினாலும் முதல் கேள்வியில் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்து நிற்பீர்கள்.